அரக்குப் புடவை செங்கல் நிறமாவது ஏன்: லாவ் டிகோடரில் நிறமும் வேகமும்

கேள்வி சுருக்கமாக இது. மும்பை மாட்டுங்காவில் ஒரு குடியிருப்புச் சங்கத்தார் 1990களின் நவராத்திரி நிகழ்ச்சிகளையும் பரதநாட்டிய அரங்கேற்றங்களையும் டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஹாலில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டப் போகிறார்கள். கம்ப்யூட்டர், லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்: 4ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ராம் ஒரே துண்டு, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, விண்டோஸ் 10. பிளேயர் எம்பிசி-ஹெச்சி. அரக்குப் பட்டு செங்கல் நிறத்தில் வருகிறது, முகங்கள் மஞ்சளடிக்கின்றன, புரொஜெக்டரில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, சில ஃபைல்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. யாரோ சொன்னபடி லாவ் வீடியோ டிகோடரில், அதாவது சுருக்கி வைத்த வீடியோவைப் படமாக விரிக்கிற பகுதியில், ஆர்ஜிபி32 (சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்த வடிவம்) மட்டும் டிக் செய்து, ஆர்ஜிபி அவுட்புட் லெவலை பிசி என்றும் த்ரெட்டை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளின் எண்ணிக்கையை, 16 என்றும் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சரியாகவில்லை.

சரியாகாததற்குக் காரணம், நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து தெரிவதுதான். ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு, மருந்து வேறு. முதலில் அந்த மூன்று மாற்றங்களையும் திரும்ப எடுத்துவிடுங்கள். எம்பிசி-ஹெச்சியில் ஆப்ஷன்ஸ், இன்டர்னல் ஃபில்டர்ஸ் பக்கத்தில் வீடியோ டிகோடர் பட்டனை அழுத்தினால் லாவ் செட்டிங்ஸ் திறக்கும். அங்கே அவுட்புட் ஃபார்மேட் எல்லாவற்றையும் முன்பிருந்தபடி டிக் செய்து, த்ரெட்டை ஆட்டோவிலும், ஆர்ஜிபி அவுட்புட் லெவலை ‘அன்டச்ட்’ என்பதிலும் விடுங்கள். வீடியோ பெரும்பாலும் ஒய்யுவி வடிவில்தான், அதாவது வெளிச்சம் தனி, நிறம் தனி என்று பிரித்துத்தான், ஃபைலுக்குள் இருக்கிறது, திரைக்கு ஆர்ஜிபி வேண்டும். அந்த மாற்றம் ஒரே இடத்தில், ஒரே முறை நடக்க வேண்டும். அதற்குத் தகுந்த இடம் டிகோடருக்குப் பின்னால் நிற்கும் ரெண்டரர், அதாவது படத்தைத் திரையில் வரைகிற பகுதி. அது கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடுகிறது, கூடுதல் துல்லியத்தில் கணக்குப் போடுகிறது. டிகோடர் தனக்கு வந்ததை ஆர்ஜிபியாக மாற்றாமல் என்வி12 என்ற ஒய்யுவி வடிவிலோ, 10 பிட் என்றால் பி010 வடிவிலோ கொடுத்தால் போதும்.

லாவில் இருக்கும் அந்த ‘ஆர்ஜிபி அவுட்புட் லெவல்’ பலரையும் ஏமாற்றுகிற செட்டிங். லாவ் தானே ஆர்ஜிபியாக மாற்றிக் கொடுக்கும்போது மட்டும்தான் அதற்கு வேலை. என்வி12 வெளியே போகும்போது அதை டிவி என்று வைத்தாலும் பிசி என்று வைத்தாலும் ஒரு புள்ளிகூட மாறாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது நிறம். மேட்ரிக்ஸ் (நிறக் கலவை எண்கள்) தவறா, ரேஞ்ச் (கறுப்பு, வெள்ளையின் எல்லை எண்கள்) தவறா என்பதைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு: நிறமே இல்லாத இடத்தைப் பாருங்கள். வெள்ளை வேட்டி, சாம்பல் சுவர், கறுத்த தலைமுடி. மேட்ரிக்ஸ் தவறினால் இவை மாறவே மாறாது, ஏனென்றால் அவற்றில் நிறக்குறி பூஜ்யம். வண்ணங்கள் மட்டும் பிசகும். ரேஞ்ச் தவறினால் முதலில் கெடுவது இந்தக் கறுப்பும் வெள்ளையும்தான். உங்கள் பட்டுப் புடவையும் முகமும் மேட்ரிக்ஸ் பிரச்சினை, புரொஜெக்டர் கறுப்பு ரேஞ்ச் பிரச்சினை.

மேட்ரிக்ஸ் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்து வெளிச்சக் குறியை உண்டாக்கினார்கள் என்பதற்கான எண்கள். பழைய டிவி தரத்துக்கான பிடி.601இல் அவை 0.299, 0.587, 0.114. ஹெச்டிக்கான பிடி.709இல் 0.2126, 0.7152, 0.0722. 601இல் கட்டியதை 709இல் பிரித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரக்கு நிறத்துக்கு 128, 0, 32 என்று வைத்தால், திரையில் வருவது ஏறத்தாழ 139, 14, 32. சிவப்பு ஏறி, இல்லாத பச்சை கொஞ்சம் கலந்துவிடுகிறது. செங்கல் சாயல் அங்கிருந்துதான் வருகிறது. சுத்தச் சிவப்பான 255, 0, 0 என்பது 255, 25, 0 ஆகிக் குங்குமம் ஆரஞ்சுப் பக்கம் நகரும். பச்சைப் புடவையின் 0, 128, 0 என்பது 0, 108, 0 ஆகி மங்கும். முகத்தில் நீலம் சற்றுக் குறைந்து சிவப்பும் பச்சையும் சற்று ஏறும், அதனால் மஞ்சள் பூசியதுபோல் தெரியும். நீங்கள் சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. திசை தலைகீழாக, 709இல் கட்டியதை 601இல் பிரித்தால் சிவப்பு இருண்டு, பச்சை கண்ணைக் கூசும்.

இது எந்த ஃபைல்களில் வருகிறது என்று பாருங்கள். 720க்கு 576 அளவில் இருக்கும் டேப் ஃபைல்களில் வராது, 1440க்கு 1080 என்று பெரிதாக்கிக் கொடுத்தவற்றில் மட்டும் வரும் என்பது என் கணிப்பு. டேப்பை மாற்றிக் கொடுக்கும் இடங்களில் ‘ஹெச்டி தரம்’ என்று சொல்லிப் படத்தைப் பெரிதாக்குகிறார்கள். அளவு மாறுகிறது, உள்ளேயிருக்கும் 601 மேட்ரிக்ஸ் மாறுவதில்லை, இன்ன மேட்ரிக்ஸ் என்ற குறிப்பையும் ஃபைலில் எழுதுவதில்லை. குறிப்பில்லாத ஃபைலைப் பார்த்த ரெண்டரர் அளவை வைத்து ஊகிக்கிறது: 576 வரிக்கு உள்ளே என்றால் 601, அதற்கு மேல் என்றால் 709. பெரும்பாலான ஃபைல்களுக்குச் சரியாக வரும் இந்த ஊகம், பெரிதாக்கிய டேப்புகளில் மட்டும் தவறாமல் தவறுகிறது.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, ‘மேட்ரிக்ஸ் கோயெஃபிஷியன்ட்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். வரியே இல்லை என்றால் குறிப்பு இல்லை. வரி இருந்து, அதில் பிடி.709 என்று எழுதி, நிறமும் பிசகியிருந்தால் யாரோ தவறான குறிப்பை எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: படத்தைத் தொடாமல் குறிப்பை மட்டும் சரிசெய்வது. மறுபடி என்கோட் செய்ய வேண்டாம், ஏற்கெனவே நலிந்த டேப் படம் இன்னும் நலியும்.

கட்டளை கொடுத்து இயக்கும் இலவச வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில், குறிப்பை மட்டும் மாற்றும் ஹெச்264 மெட்டாடேட்டா என்ற பிட்ஸ்ட்ரீம் ஃபில்டர் இருக்கிறது. வீடியோவையும் ஆடியோவையும் ‘காப்பி’ முறையில் வைத்து, அந்த ஃபில்டரில் மேட்ரிக்ஸ் மதிப்பை 5 என்று கொடுத்தால் போதும். 5 என்பது நம் நாட்டு டிவி முறையான பாலுக்குரியது, நம் டேப்புகளுக்கு அதுதான் பொருத்தம். 6 என்பது அமெரிக்க முறையான என்டிஎஸ்சிக்குரியது. கணக்கில் இரண்டுக்கும் அதே 601 எண்கள்தான் என்பதால் தவறி 6 கொடுத்தாலும் மேட்ரிக்ஸ் கெடாது. 709க்கான எண் 1. ஒரு மணி நேர ஃபைலுக்கும் ஃபைலை இன்னொரு முறை எழுதுகிற நேரம்தான் ஆகும். கட்டளைகள் பழக்கமில்லை என்றால் எம்கேவிடூல்நிக்ஸின் ஹெடர் எடிட்டரில் வீடியோ டிராக்கின் கலர் மேட்ரிக்ஸ் மதிப்பாக அதே 5ஐ எழுதலாம். ஆனால் அது எம்கேவி என்ற பெட்டியின் மேல் ஒட்டும் குறிப்பு. வீடியோவுக்குள்ளேயே வேறு குறிப்பு இருந்தால் சில பிளேயர்கள் உள்ளே இருப்பதைத்தான் மதிக்கும். அதனால் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்து ரேஞ்ச். 8 பிட் வீடியோவில் வழக்கமாகக் கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர் திரையில் கறுப்பு 0, வெள்ளை 255. நடுவில் யாராவது ஒருவர் 255ஐ 219ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 1.164 மடங்கு, இழுத்து விரிக்க வேண்டும். யாருமே விரிக்காவிட்டால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை அழுக்காகும். இரண்டு பேர் விரித்தால் 16க்குக் கீழும் 235க்கு மேலும் நசுங்கி, தலைமுடியின் இழைகளும் புடவைக் கரையின் ஜரிகை மினுக்கும் காணாமல் போகும். இந்தச் சங்கிலியில் டிகோடர், ரெண்டரர், கிராஃபிக்ஸ் டிரைவர், ஹெச்டிஎம்ஐ கேபிளின் மறுமுனையில் புரொஜெக்டர் என்று நான்கு பேர் இருக்கிறார்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க வீடியோவை மூடிவிடுங்கள். டெஸ்க்டாப் பின்னணியை முழுக் கறுப்பாக்கி, அதைப் புரொஜெக்டரில் பாருங்கள். அந்தக் கறுப்பும் சாம்பலாக இருந்தால் பிளேயருக்கும் டிகோடருக்கும் இதில் சம்பந்தமே இல்லை: டிரைவர் 16–235 என்று சுருக்கி அனுப்புகிறது, புரொஜெக்டர் 0–255 என்று எதிர்பார்க்கிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக டிவி வகை ரெசல்யூஷன் போகும்போது டிரைவர் எதிர்முனையில் டிவி இருப்பதாக எடுத்துக்கொண்டு இப்படிச் சுருக்குவது வழக்கம். பழைய இன்டெல் கன்ட்ரோல் பேனலில் டிஸ்ப்ளே பகுதியின் உள்ளே ‘குவான்டைசேஷன் ரேஞ்ச்’ என்று ஒன்று இருக்கும், அதை ஃபுல் ஆக்குங்கள். அல்லது புரொஜெக்டர் மெனுவில் மாற்றுங்கள். எப்சனில் ‘வீடியோ ரேஞ்ச்’ என்ற பெயரில் நார்மல், எக்ஸ்பாண்டட் என்று இருக்கும். நார்மல் என்றால் 16–235, எக்ஸ்பாண்டட் என்றால் 0–255. டிவிகளில் இதையே ‘ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ என்பார்கள். இரு முனையும் ஒரே பேச்சைப் பேசினால் போதும், எது என்பது முக்கியமில்லை. ஆட்டோ என்று விடுவதைவிட இரண்டு பக்கமும் கையால் வைத்துவிடுவது நல்லது, ஹாலில் கேபிளைக் கழற்றி மாட்டும்போது ஆட்டோ மனம் மாறிவிடும்.

டெஸ்க்டாப் கறுப்பு சரியாக இருந்து, வீடியோவில் மட்டும் சாம்பல் என்றால் ரெண்டரரைப் பாருங்கள். இவிஆர் கஸ்டம் என்ற ரெண்டரரை வைத்திருந்தால் அதன் அவுட்புட் ரேஞ்ச் 0–255இல் இருக்க வேண்டும். அதைவிட, ஆப்ஷன்ஸில் அவுட்புட் பக்கத்தில் எம்பிசி வீடியோ ரெண்டரரைத் தேர்ந்தெடுப்பதையே சொல்வேன். ஃபைலின் மேட்ரிக்ஸ், ரேஞ்ச் குறிப்புகளை அது ஒழுங்காகப் படிக்கிறது. உறுதி செய்ய ஏவிஎஸ் ஹெச்டி 709 என்ற இலவச சோதனைத் தொகுப்பில் பிளாக் கிளிப்பிங் படம் இருக்கிறது. அதில் 17இலிருந்து பட்டைகள் மினுக்க வேண்டும், 16ம் அதற்குக் கீழும் கறுப்பிலேயே மறைய வேண்டும். 20, 21ஐத் தாண்டியும் மினுக்கவில்லை என்றால் எங்கோ இரட்டை விரிப்பு நடக்கிறது, அல்லது புரொஜெக்டரின் பிரைட்னஸ் குறைவு. ரேஞ்சைச் சரிசெய்த பிறகே பிரைட்னஸில் கை வையுங்கள், முன்பே வைத்தால் ஒரு தவறை இன்னொன்றால் மூடுகிறீர்கள்.

இனி வேகம். த்ரெட் 16 என்பது நான்கு கோர் கொண்ட ஐ5இல் எதையும் வேகமாக்காது. லாவ் உள்ளே பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் டிகோடர், ஹெச்.264 (வழக்கமான வீடியோச் சுருக்க முறை) ஃபைலில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஃபிரேமைக் கொடுத்து வேலை வாங்குகிறது. த்ரெட் கூடக்கூட, பாதி முடிந்த ஃபிரேம்கள் நினைவகத்தில் கூடும், படம் வெளியே வருவதற்குத் தாமதமும் கூடும். 4 ஜிபி ராமில் இது தேவையில்லாத சுமை. ஆட்டோ என்றால் கோர்களின் எண்ணிக்கையைப் பார்த்து அதுவே வைத்துக்கொள்ளும். கிராஃபிக்ஸ் சிப் டிகோட் செய்யும்போது இந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆர்ஜிபி32 மட்டும் என்று வைத்ததன் பாதிப்பு இன்னும் பெரியது. கிராஃபிக்ஸ் சிப் நேரடியாக டிகோட் செய்து படத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ‘நேட்டிவ்’ வழி இதனால் அடைபடுகிறது, ஏனென்றால் அது என்வி12 வடிவில்தான் படத்தைத் தரும். அப்போது பிராசசரே டிகோட் செய்து, பிராசசரே நிறமும் மாற்ற வேண்டியிருக்கிறது. 1080 அளவில் ஐ5 இதைத் தாங்கிவிடும். 4கேயில் ஒரு என்வி12 ஃபிரேம் சுமார் 12.4 எம்பி, அதே ஃபிரேம் ஆர்ஜிபி32இல் 33 எம்பி. வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் கிட்டத்தட்ட 1 ஜிபி, அதுவும் ஒரு முறை எழுதி இன்னொரு முறை படிக்க வேண்டும். 10 பிட் ஃபைல் என்றால் 8 பிட்டாகக் குறுகி, மேடைப் பின்திரையின் நிறச் சரிவுகளில் பட்டை பட்டையாக வரிகளும் விழும். லாவின் டித்தரிங், அதாவது மெல்லிய புள்ளிகளைத் தூவுவது, அதைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் மாற்றமே நடக்காதபோது மறைக்கவும் ஒன்றுமில்லை.

ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் பட்டியலில் உங்கள் கம்ப்யூட்டருக்கு டி3டி11ஐ வைத்து, எம்பிசி வீடியோ ரெண்டரரோடு ஓட்டுங்கள். தடுமாறினால் டிஎக்ஸ்விஏ2 காப்பி-பேக். காப்பி-பேக்கில் ஒவ்வொரு ஃபிரேமும் கிராஃபிக்ஸ் பக்கத்திலிருந்து சாதாரண ராமுக்குத் திரும்ப எடுக்கப்படுகிறது. கொஞ்சம் செலவு கூடும், ஆனால் நடுவில் வேறு ஃபில்டர் ஏதாவது படத்தைத் தொட வேண்டும் என்றால் அந்த வழிதான் வேலை செய்யும். வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டாம்: படம் ஓடும்போது லாவ் செட்டிங்ஸ் பக்கத்திலேயே ‘ஆக்டிவ் டிகோடர்’ என்ற வரியில் எது ஓடுகிறது என்று எழுதியிருக்கும். ஏவிகோடெக் என்று மட்டும் இருந்தால் பிராசசர்தான் உழைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தின் ‘வீடியோ டிகோட்’ வரைபடமும் அதைக் காட்டும். கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ரெண்டரர் விட்டுவிட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை தெரியும்.

ஒரே துண்டு ராம் என்பதையும் கவனியுங்கள். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அதே ராம்தான். டிடிஆர்3-1600 ஒரு துண்டில் வினாடிக்கு 12.8 ஜிபி, சரியான ஸ்லாட்டில் இன்னொரு துண்டு போட்டால் 25.6 ஜிபி. லாமிங்டன் ரோட்டில் பழைய 4 ஜிபி துண்டு கிடைக்காமல் போகாது. இந்தக் கம்ப்யூட்டரில் பணம் போடத் தகுந்த முதல் இடம் அதுதான்.

டேப் ஃபைல்கள் திக்குவதற்குக் காரணம் வேறு. 720க்கு 576 டேப் ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும், அதை டிகோட் செய்ய கிராஃபிக்ஸ் சிப் தேவையே இல்லை. அங்கே சிக்கல் இன்டர்லேஸ். வினாடிக்கு 25 ஃபிரேம், அதில் 50 பாதிப் படங்கள் (ஃபீல்டு): ஒன்று விட்டு ஒன்றான வரிகள் ஒரு பாதி, மற்ற வரிகள் அடுத்த கணத்தின் பாதி. இவற்றை முழுப் படங்களாகப் பிரிப்பதுதான் டீஇன்டர்லேஸ். ஆர்ஜிபியாக மாறிய படத்தை டிரைவரின் டீஇன்டர்லேசர் தொடாது, அதனால்தான் கை அசையும்போது சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். 4:2:0 வடிவில் நிறம் வரிக்கு வரி பகிரப்பட்டிருப்பதால், இன்டர்லேஸைப் பிரிக்கும் முன்பே நிறத்தை மாற்றினால் சிவப்பு விளிம்புகள் பிசிறடிக்கும், சலங்கைப் பட்டையிலும் குஞ்சலத்திலும் அது நன்றாகத் தெரியும். முதலில் டீஇன்டர்லேஸ், பிறகே நிறம். இந்த ஃபைல்களுக்கு லாவில் சாஃப்ட்வேர் டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப், வெளியீடு 50பி என்று வையுங்கள். 25பி வைத்தால் அடவின் வேகத்தில் பாதி அசைவு போய்விடும்.

எந்தப் பாதி முதலில் என்ற ஃபீல்டு ஆர்டர் ஆட்டோவில் தவறினால் ஓடும் கை முன்னும் பின்னுமாக நடுங்கும். மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) டேப்பிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியே எடுத்தது என்றால் கீழ் ஃபீல்டு முதலில். விஹெச்எஸ்ஸைக் கேப்சர் கார்டில் எடுத்தது என்றால் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். இரண்டையும் மாற்றிப் பார்த்தால் பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாகியும் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மெல்லிய தத்தல் இருந்தால், டிகோடரைக் குறை சொல்வதற்கு முன் திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 50 படங்களை 60 ஹெர்ட்ஸில் காட்டினால் வினாடிக்குப் பத்து படங்கள் இரட்டிக்கும். நம் ஊர் டேப் எல்லாம் பால் முறை என்பதால் புரொஜெக்டரை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கையால் மாற்றலாம், அல்லது எம்பிசி-ஹெச்சியின் ஃபுல்ஸ்கிரீன் பக்கத்தில் ஃபைலுக்கேற்பத் தானாக மாற்றும் வசதியை இயக்கலாம். ஒளிபரப்புக்கே 50 பழகிய நாட்டில் விற்கும் புரொஜெக்டர்கள் பெரும்பாலும் அதை ஏற்கும். இவ்வளவு எளிய விஷயத்தைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள், அதற்குள் பாதி செட்டிங்ஸைக் கலைத்துவிட்டிருப்பார்கள்.

வேகத்துக்காக லூப் ஃபில்டரை, அதாவது டிகோட் ஆகும்போது கட்டங்களின் விளிம்பை மழுக்கும் வேலையை, தாண்டச் சொல்லும் ஆலோசனையும் உங்களிடம் வரும், விஎல்சியில் அதற்கென்றே ஒரு செட்டிங் இருக்கிறது. ஹெச்.264இல் டிகோட் ஆன படங்களில் பல அடுத்து வரும் படங்களுக்கு ஆதாரம். ஃபில்டரைத் தாண்டினால் அந்தச் சிறு பிழை அடுத்த படத்துக்கும் போய்க் கூடிக்கொண்டே வரும், வேறு படத்தைச் சாராத அடுத்த முழுப் படம் (கீஃபிரேம்) வந்தால்தான் சரியாகும். முகத்தில் கட்டம் கட்டமாக வளர்ந்து, சட்டென்று மறைந்து, மறுபடி வளரும். கட்டாயம் என்றால் எந்தப் படத்துக்கும் ஆதாரமாக நிற்காத ஃபிரேம்களில் மட்டும் தாண்டும் ‘நான்-ரெஃப்’ வரை போகலாம், ‘ஆல்’ வேண்டாம்.

கடைசியாக, அண்மையில் ஃபோனில் எடுத்த 4கே ஃபைல்கள். அவை ஹெச்இவிசி (ஹெச்.264க்கு அடுத்து வந்த சுருக்க முறை) 10 பிட்டாக இருக்கலாம். 4ஆம் தலைமுறை இன்டெலில் அதற்கு முழு ஹார்ட்வேர் வழி கிடையாது. 6ஆம் தலைமுறையில் 8 பிட் ஹெச்இவிசி வந்தது, 10 பிட் 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் இது மாறாது. ஜிடி 1030 போன்ற சிறிய கார்டு ஒன்று போட்டால் தீரும். ஃபைல்கள் நாலைந்துதான் என்றால் அதுகூட வேண்டாம்: வேறு நல்ல கம்ப்யூட்டரில் ஹேண்ட்பிரேக்கில் 1080 அளவு, ஹெச்.264, 8 பிட், தரம் ஆர்எஃப் 18 என்று மாற்றி எடுத்து வாருங்கள், இந்த ஐ5 தூங்கிக்கொண்டே ஓட்டும். மாற்றுவதற்கு முன் மீடியாஇன்ஃபோவில் டிரான்ஸ்ஃபர் என்ற வரியில் ஹெச்எல்ஜி அல்லது பிக்யூ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஹெச்டிஆர், அதாவது வெளிச்ச வீச்சு அதிகமான வீடியோ. சாதாரண 709ஆக மாற்றச் சொல்லாமல் அளவை மட்டும் குறைத்தால் வெளுத்த படமாக வரும். மாற்றிய ஃபைலில் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, இந்தப் புரொஜெக்டரிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மிச்சத்தை மாற்றுங்கள்.